‘ஆட்டம்’ என்ற ஒரு சொல்: பகடை விளையாட்டில் எழுந்த விதிக் குழப்பமும் அது தீர்ந்த விதமும்

பின்னணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு கிராமம். மே மாத விடுமுறையில் அங்கே பெற்றோர் பலருக்கு மாம்பழ வேலை. தோப்பில் காய் பறிப்பவர்கள், மண்டியில் தரம் பிரிப்பவர்கள், கூழ் தொழிற்சாலைக்கு ஷிப்டு போகிறவர்கள் எனக் காலையில் வீடு பூட்டிக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் பிற்பகல் முழுவதும் வெயிலில் அலையாமல் இருக்க, நாங்கள் சிலர் ஒரு வீட்டுத் திண்ணையில் தினமும் மூன்று மணி முதல் ஐந்தரை மணி வரை அவர்களைக் கூட்டி வைத்திருந்தோம். வாசிப்பு, கணக்கு, விளையாட்டு என்று பொழுது போகும். நான் பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியை. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள்.

உதவிக்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவர் பெங்களூரிலிருந்து ஆறு பகடைகள் கொண்ட ஒரு சிறு டப்பாவைக் கொண்டுவந்தார். உலகின் பல பகுதிகளில் ஃபார்கிள், பத்தாயிரம் என்று பல பெயர்களில் ஆடப்படும் பழைய விளையாட்டு அது. டப்பாவுக்குள் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு மடிப்புத் தாள் இருந்தது. அவர் அதைப் பார்த்து விதிகளைத் தமிழில் வாய்மொழியாகச் சொன்னார். எழுதி வைக்கவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

விளையாட்டு இதுதான். ஆறு பகடைகளையும் உருட்ட வேண்டும். 1 விழுந்தால் 100, 5 விழுந்தால் 50. ஒரே எண் மூன்று விழுந்தால் அந்த எண்ணின் நூறு மடங்கு; மூன்று 1 மட்டும் 1,000. மதிப்புள்ள பகடையில் ஒன்றையாவது எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை மறுபடி உருட்டலாம். போதும் என்றால் நிறுத்தி, சேர்ந்ததை வரவு வைக்கலாம். உருட்டியதில் மதிப்புள்ளது ஒன்றுமே விழாவிட்டால் அந்த முறை சேர்த்த அத்தனையும் காலி. முதல் வரவு 500க்குக் குறையக் கூடாது. 10,000 எல்லை.

பகடையைக் கண்டதும் ஒரு தந்தை, “இது சூதாகிவிடாதா டீச்சர்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பணயம் எதுவும் கிடையாது, புளிப்பு மிட்டாய்கூடக் கிடையாது என்று முதல் நாளே முடிவு செய்தோம். அந்த ஒன்றில் நாங்கள் தெளிவாக இருந்தோம்.

கவனித்தவை

முதல் வாரம் தகராறு ஏதுமில்லை. எவர்சில்வர் தாம்பாளத்தில் பகடைகள் விழும் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். 500 எடுத்தால்தான் கணக்குத் தொடங்கும் என்ற விதியைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். தாயம் விழாமல் காய் இறக்க முடியாது என்பது இங்கே எல்லா வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே 500 எடுப்பதையே ‘தாயம் போடுவது’ என்றார்கள். அதைக் கேட்டு நான் மகிழ்ந்தேன். தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாததைக் கற்கிறார்கள் என்று நினைத்தேன். அதே வழியில் வேறு சில பழக்கங்களும் உள்ளே வந்துகொண்டிருந்தன. அவற்றை நான் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம் ஐந்து பேர் ஆடிய ஆட்டம் முடிவை நெருங்கியது. எட்டாம் வகுப்பு மாணவி 8,850இல் இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு மாணவன் 9,300. அவள் முறை. முதல் உருட்டில் 1, 1, 2, 3, 4, 6 விழுந்தன. இரண்டு 1களை எடுத்து வைத்தாள். மீதி நான்கை உருட்டினாள்: 1, 4, 4, 6. அந்த 1ஐயும் எடுத்து முதல் இரண்டின் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்தாள். மீதி மூன்றை உருட்டியபோது மூன்றும் 2. தாம்பாளத்தைச் சுற்றி ஒரே கூச்சல்.

“ஆயிரம், மேலே இருநூறு. பத்தாயிரத்து ஐம்பது. நான் நிறுத்திவிட்டேன்” என்றாள்.

மாணவன் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று 1களும் ஒன்றாக விழவில்லை, எனவே தனித்தனியே 300தான், மொத்தம் 500, அவள் கணக்கு 9,350 என்றான். அதோடு நிற்கவில்லை. ஆறு பகடைகளும் மதிப்புப் பெற்றுவிட்டதால் அவள் மறுபடி ஆறையும் உருட்டியே தீர வேண்டும், நிறுத்த முடியாது என்றும் சொன்னான். வேறொருத்தி, யார் 10,000 எட்டினாலும் மற்றவர்களுக்குக் கடைசியாக ஒரு முறை உண்டு என்றாள். அதெல்லாம் இல்லை, எட்டியவுடன் முடிந்தது என்றான் இன்னொருவன். ஆக, ஒரே உருட்டில் மூன்று கேள்விகள்.

முதல் முடிவும் அதன் விளைவும்

நான் மடிப்புத் தாளை வாங்கிப் பார்த்தேன். ‘மூன்று 1 – 1,000’ என்று மட்டும் இருந்தது. ஒரே உருட்டிலா, பல உருட்டுகளிலா என்று இல்லை. இந்த விளையாட்டைப் பொதுவாக ஆடும் முறை எனக்குத் தெரியும்: ஒரே உருட்டில் விழுந்தால்தான் மூன்றும் சேரும். எனவே அங்கேயே தீர்ப்புச் சொன்னேன். 300தான். மறுபடி உருட்டக் கட்டாயம் இல்லை.

சொல்லி வாய் மூடவில்லை, ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆறாம் வகுப்புச் சிறுவன், “எனக்கு அன்றைக்கு மூன்று ஐந்துக்கு ஐந்நூறு போட்டீர்களே டீச்சர்?” என்றான். குற்றம் சாட்டும் குரலில்லை, உண்மையாகவே கேட்டான். ஐந்து நாள் முன்பு அவன் இரண்டு உருட்டுகளில் மூன்று 5களைச் சேர்த்து வைத்து, அதைக் கொண்டுதான் கணக்கைத் தொடங்கியிருந்தான். நான் வருகைப் பதிவு எழுதிக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன்.

மாணவி எதுவும் பேசவில்லை. கையில் இருந்த இரண்டு பகடைகளைத் தாம்பாளத்துக்கு வெளியே, தரையில் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொன்ன விதி சரியானதுதான். ஆனால் அதைச் சொன்ன நேரத்தில் அது விதியாக இல்லை. அவள் மேல் சொன்ன தீர்ப்பாக இருந்தது. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்பது தெரிந்த பிறகு சொல்லப்படும் எந்த விளக்கமும் அப்படித்தான் கேட்கும். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஐந்து பேரின் மதிப்பெண்களையும் அவளுடைய மூன்று உருட்டுகளையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, ஆட்டத்தை அப்படியே நிறுத்திவைத்தது.

வீட்டில் தெரியவந்தது

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். பாட்டி வாசலில் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். “வாருங்கள் டீச்சரம்மா, உங்கள் ஆட்டத்தில் என் பேத்தி ஏமாற்றினாளாமே?” என்று நேராகவே கேட்டார். இல்லை, விதியை நாங்கள் சரியாகச் சொல்லித் தரவில்லை என்றேன். அவர் உள்ளே போய்ப் பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டை எடுத்துவந்தார். விளிம்புகள் தேய்ந்து வழவழவென்றிருந்தன. புள்ளிகளை விரலால் தடவித்தான் சொல்ல முடியும்.

அவர் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. தாயத்தில் ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி போட வேண்டும். ஆறு விழுகிறது, பன்னிரண்டு விழுகிறது, பிறகு மூன்று விழுந்து கை நிற்கிறது. அதுவரை விழுந்த அனைத்தும் அவருடைய கையிருப்பு. அவற்றைச் சேர்த்தும் பிரித்தும் காய் நகர்த்துவார். முன்னே விழுந்தது, பின்னே விழுந்தது என்ற பேதம் இல்லை. ஒருவர் கையில் கட்டை இருக்கும்வரை எல்லாம் ஒரே ஆட்டம்.

மாணவி மூன்று 1களைச் சேர்த்தது இந்தப் பழக்கத்தில்தான். மறுபடி உருட்டியே தீர வேண்டும் என்று மாணவன் சொன்னதும் இதே தாயத்திலிருந்துதான் வந்தது. அங்கே பன்னிரண்டு போட்டவர் ‘எனக்கு வேண்டாம்’ என்று கட்டையைக் கீழே வைக்க முடியாது. இருவரும் பொய் சொல்லவில்லை, பேராசைப்படவும் இல்லை. ஒரே தாயத்தின் இரண்டு துண்டுகளை ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஆனால் அந்தத் துண்டுகள் வந்து பொருந்த ஓர் இடைவெளி வேண்டுமே, அது எங்கே இருந்தது? அன்று மாலை கல்லூரி மாணவரை விதிகளை மறுபடி சொல்லச் சொன்னேன். “ஒரே ஆட்டத்தில் மூன்று ஒன்று விழுந்தால் ஆயிரம். ஒருவர் ஆட்டம் முடிந்ததும் அடுத்தவர் ஆட்டம். பத்தாயிரம் வந்தால் ஆட்டம் முடிந்தது.” மூன்று வாக்கியங்களில் நான்கு ‘ஆட்டம்’. முதலாவது ஓர் உருட்டு. அடுத்த இரண்டும் ஒருவர் பகடையை எடுத்தது முதல் அடுத்தவரிடம் கொடுப்பது வரை. கடைசியாக வருவது முழுப் போட்டி. அவர் மனத்தில் பொருள் தெளிவாக இருந்தது. கேட்டவர்களுக்கு எப்படித் தெரியும்?

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் சொற்களைப் பிரித்தோம். பகடைகளை ஒரு தடவை தாம்பாளத்தில் போடுவது ‘உருட்டு’. ஒருவர் தொடங்கி, நிறுத்தும் வரை அல்லது காலியாகும் வரை நடப்பது ‘முறை’. முழுப் போட்டிக்கு மட்டும் ‘ஆட்டம்’. இந்த மூன்று சொற்களைப் பலகையில் எழுதிய பிறகு பாதி வேலை முடிந்ததுபோல் இருந்தது.

அடுத்து, விதிகளைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டுப் பகடைகளை வைத்துக் காட்டினேன். தாம்பாளத்தில் ஒரு நிலையை அடுக்கிவைத்து, “இப்படி இருந்தால் எத்தனை மதிப்பெண்? அடுத்து என்ன செய்யலாம்?” என்று கேட்பது. ஒவ்வொருவரும் யாருடனும் பேசாமல் ஒரு துண்டுச் சீட்டில் பதில் எழுதி மடித்துத் தர வேண்டும். ஒன்பது நிலைகள் வைத்தேன். நான்கில் பதினொரு சீட்டும் ஒரே பதில். அவற்றை விதியாக எழுத அவசியமே இல்லை. ஐந்தில் பதில்கள் பிரிந்தன. மாணவியின் அந்த மூன்று 1களை வைத்தபோது ஆறு சீட்டுகள் 1,000 என்றன, ஐந்து சீட்டுகள் 300 என்றன. தெளிவானது என்று நான் நினைத்திருந்த விதிக்குப் பெரும்பான்மை எனக்கு எதிராக இருந்தது.

எனினும் சேர்ப்பதை வாக்கெடுப்புக்கு விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு 1களை ஒதுக்கிய ஒருவர் நான்கு பகடைகளை உருட்டுகிறார். மொத்தம் 1,296 விதமாக விழலாம். அவற்றில் 204 விதங்களில் மட்டுமே ஒன்றும் கிடைக்காது. ஏறத்தாழ 16 விழுக்காடு. குறைந்தது ஒரு 1 விழும் விதங்கள் 671, பாதிக்கும் மேல். உருட்டுகளைச் சேர்க்கலாம் என்றால் அந்த ஒற்றை 1க்கு மதிப்பு 100 இல்லை, 800. அப்படியானால் 200இல் நிறுத்த யாராவது யோசிப்பார்களா? எல்லோரும் உருட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். நிறுத்தலாமா, துணியலாமா என்று உள்ளங்கையில் பகடையை வைத்துக்கொண்டு தவிக்கும் அந்தக் கணம்தான் இந்த விளையாட்டின் உயிர். அது போய்விடும். இதைப் பலகையில் பார்த்த பிறகு 1,000 என்று எழுதிய ஆறு பேரில் நான்கு பேர் மாறினார்கள். மற்ற இருவர் மாறவில்லை, ஆனால் விதியை ஏற்றார்கள். ஒரே உருட்டில் விழுந்தவை மட்டுமே சேரும் என்று எழுதினோம்.

ஆறு பகடைகளும் மதிப்புப் பெற்றால் மறுபடி ஆறையும் உருட்டலாம். அது உரிமை, கட்டாயம் இல்லை. உருட்டிக் காலியானால் முதல் ஆறில் சேர்ந்ததும் போகும். இதிலும் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறு பகடைகள் விழக்கூடிய 46,656 விதங்களில் ஒன்றும் கிடைக்காதவை 1,440தான்; மூன்று விழுக்காட்டுக்குச் சற்று மேல். எங்கள் தாளில் மூன்று சோடிகளுக்கு மதிப்பெண் இல்லை. இருந்தால் இது இன்னும் குறையும். அதாவது, அவளை உருட்ட வைத்தால் மாட்டிக்கொள்வாள் என்று மாணவன் நினைத்தது தப்புக்கணக்கு. பெரும்பாலும் அவளுக்கு ஆதாயமாகத்தான் முடிந்திருக்கும். அதைத் தானே போட்டுப் பார்த்தபோது அவன் முகம் மாறியதைக் கண்டேன்.

மூன்றாவது, நான் எதிர்பாராத பிரிவு. 1, 5, 2, 3, 4, 4 என்று விழுந்தால் 1ஐயும் 5ஐயும் இரண்டையுமே எடுக்க வேண்டும் என்று ஏழு பேர் எழுதியிருந்தார்கள். ஒன்றை எடுத்தாலே போதும் என்பது பொதுவான முறை. 1ஐ மட்டும் எடுத்து ஐந்தை உருட்டினால் காலியாகும் வாய்ப்பு 8 விழுக்காட்டுக்கும் குறைவு. 5ஐயும் எடுத்து நான்கை உருட்டினால் அது இரண்டு மடங்கு. 50 மதிப்பெண்ணை விட்டுக்கொடுத்து ஒரு பகடையைக் கையில் வைத்துக்கொள்வது எவ்வளவு நல்ல யோசனை! இந்த விதியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் இரண்டு வாரமாக அவர்கள் விளையாட்டின் பாதியை ஆடவே இல்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

மற்ற இரண்டும் எளிதாக முடிந்தன. ஒருவர் 10,000 எட்டி நிறுத்தினால் மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. பகடை தாம்பாளத்துக்கு வெளியே போனாலோ விளிம்பில் சாய்ந்து நின்றாலோ அந்த உருட்டு முழுவதையும் திரும்ப உருட்ட வேண்டும்.

நிறுத்திவைத்த ஆட்டம்

புது விதியைப் பழைய ஆட்டத்துக்குப் பொருத்துவதா என்பதுதான் மிகக் கடினமான கேள்வி. ஆட்டத்தையே ரத்து செய்துவிடலாம் என்றார் கல்லூரி மாணவர். எல்லோருக்கும் அது சுலபம். அவள் ஒருத்திக்குத்தான் இழப்பு. ஐந்து நாள் முன்பு சிறுவனுக்கு 500 கொடுத்தது நான். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். ஆகவே அந்த ஆட்டத்துக்கு மட்டும் பழைய வழக்கமே செல்லும், அவள் மதிப்பெண் 10,050, மற்ற நால்வருக்கும் கடைசி முறை உண்டு என்று முடிவு செய்தேன். மாணவன் சற்று நேரம் வாதாடினான். நோட்டில் இருந்த சிறுவனின் பழைய கணக்கைக் காட்டினேன். அதன்பின் பேசவில்லை.

அன்று அவள் வந்திருந்தாள். மற்ற மூவரும் எட்டாத தொலைவில் இருந்தார்கள். மாணவனுக்கு வெல்ல 800 வேண்டும். முதல் உருட்டில் மூன்று 5; 500. மீதி மூன்றில் ஒரு 1, 600. இரண்டு பகடைகள் மிச்சம். இரண்டை உருட்டினால் ஒன்பதில் நான்கு பங்கு காலியாகும் என்று பலகையிலேயே எழுதியிருந்தது. நிறுத்தினால் 9,900, தோல்வி உறுதி. உருட்டினான். 3, 6. தாம்பாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பகடைகளைப் பொறுக்கி அவள் கையில் கொடுத்தான்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

சீட்டு எழுதும் பயிற்சியை முதல் நாளே, யாருக்கும் ஒரு மதிப்பெண்ணும் இல்லாதபோதே நடத்துவேன். வாய்மொழியாக விதி சொல்வதை அனுமதிக்க மாட்டேன். தமிழில் எழுதி, உருட்டு, முறை, ஆட்டம் மூன்றையும் பிரித்து, சுவரில் ஒட்டிய பிறகே தாம்பாளம் வெளியே வரும். ஆட்டத்தின் நடுவே எழுதப்படாத ஒரு கேள்வி வந்தால், ஆடுகிறவருக்குச் சாதகமான விளக்கத்தை அந்த ஆட்டம் முடியும் வரை ஏற்றுக்கொண்டு, விதியை மறுநாள் எழுதுவோம். இதை இப்போது செய்துவருகிறோம்.

தாயத்தைப் பிள்ளைகளின் மனத்திலிருந்து ஒதுக்கிவைக்க மட்டும் முயல மாட்டேன். அவரவர் வீட்டுத் தாய விதிகளைக் கேட்டு எழுதிவரச் சொன்னோம். இந்த மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசுவோரும் கன்னடம் பேசுவோரும் உண்டு. வந்த தாள்களில் எந்த இரண்டும் முழுவதும் ஒத்துப்போகவில்லை. வெட்டினால் மறுபடி போடலாமா, காயை வெட்ட முடியாத ‘மலை’ எந்தக் கட்டம், காயைக் கடைசிக் கட்டத்தில் சேர்த்துப் பழம் எடுக்கச் சரியான எண்தான் விழ வேண்டுமா என்று வீட்டுக்கு வீடு வேறுபட்டது. அதைக் கேட்கத் தொடங்கியதில் தாத்தா பாட்டிகள் இருவர் திண்ணைக்கே வந்துவிட்டார்கள்.

எங்கள் விதித் தாளும் முழுமையாக இல்லை. ஜூனில் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நடந்த ஆட்டத்தில், கடைசி முறை முடிந்தபோது இருவர் 10,400இல் சமமாக நின்றார்கள். தாளில் அதற்கு எதுவும் இல்லை. எங்கள் வழக்கப்படி அன்று இருவருமே வென்றதாக வைத்துக்கொண்டோம். மறுநாள் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன், சுவரில் இருந்த தாளின் அடியில் பச்சை மையில் எழுதினான்: ‘சமமாக வந்தால் இருவருக்கும் இன்னும் ஒரு முறை. முதலில் உருட்டுவது வயதில் சிறியவர்.’

‘முறை’ என்ற சொல்லின் கீழே ஒரு கோடும் போட்டிருந்தான்.